தள்ளிப்போன சனிக்கிழமை

எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தக் காரியமானாலும் முதலில் காலண்டரைத்தான் பார்ப்பார்கள். தலைமை ஆசிரியையின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். புதுப் பெஞ்சு வந்து இறங்குவதானாலும் சரி, ஆண்டுவிழாவுக்குப் பந்தக்கால் நடுவதானாலும் சரி, அவர் எழுந்து திரும்பி நின்று தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். பள்ளி ஆய்வாளர் மட்டும்தான் அவரைக் கேட்காமல் வருவார். வந்து போனபிறகு, வந்தது நல்ல நாள்தானா என்று அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

அவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். நல்ல மனுஷி. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுப்பவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு அவர்மேல் கோபம் வரும். முப்பது வருஷத்துக்குப் பக்கத்தில் ஆகியும் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கல்லிடைக்குறிச்சியில் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஹாஸ்டலில் இருந்தேன். அப்பா இல்லை. அம்மா மணிமுத்தாறுக்கு மேலே, மலையில், தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளை லைன் என்பார்கள். அதில் ஒரு வீடு எங்களுடையது. மலைக்கும் கீழுக்கும் நடுவில் ஒரு பஸ் ஓடியது. சாயங்காலம் ஏறிப்போய் மேலேயே நின்று, காலையில் இறங்கி வரும். அந்த பஸ்ஸின் கண்டக்டர் அண்ணாச்சிதான் எங்களுக்குத் தபால், தந்தி எல்லாம். பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்கும் நேரத்தில் ஓடிப்போய்ச் சொன்னால், மறுநாள் காலையில் அம்மாவின் பதிலோடு வந்துவிடுவார்.

அந்த வருஷம் எங்கள் லைனில் அம்மை போட்டிருந்தது. ஒரு வீட்டில் இறங்கினால் அடுத்த வீட்டில் ஏறும். அம்மாவுக்குச் சின்ன வயசிலேயே வந்து போய்விட்டதால் அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஹாஸ்டலில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அம்மை போட்ட இடத்துக்கு நான் போகவும் கூடாது, அங்கேயிருந்து யாரும் என்னைப் பார்க்க வரவும் கூடாது. காலாண்டு விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் காலி ஹாஸ்டலில் சமையல்கார அக்காவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற அம்மாக்கள் வருவார்கள். அப்போது நான் கிணற்றடிக்குப் போய்த் துவைத்த துணியையே மறுபடியும் துவைப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் சயின்ஸ் டீச்சர் ஒரு சேதி கொண்டுவந்தார். மணிமுத்தாறு அணைக்குப் பக்கத்தில் சுற்றுச்சூழல் கல்வி மையம் என்று புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்களாம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் காட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார்களாம், படம் காட்டுவார்களாம், நடக்க வைத்துக் கூட்டிப்போவார்களாம். ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிப்போவது என்று முடிவானது. பள்ளிக்கூடமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தார்கள். பறவைக் குழு, மரக் குழு, தண்ணீர்க் குழு, பூச்சிக் குழு. என்னை மிருகக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார் சயின்ஸ் டீச்சர். மலைக்காரப் பிள்ளை என்பதுதான் தகுதி. அதுவரை என்னை ஓரமாக விட்டிருந்த பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து, யானை எப்படி வரும், புலி எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். நான் புலியைப் பார்த்ததே இல்லை. கேட்கிறவர்கள் ஆசையைக் கெடுப்பானேன் என்று, தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன் என்று சொல்லி வைத்தேன்.

சாப்பாட்டுக்கு ஒரு தனிச் சபையே கூடியது. புளியோதரையா, தயிர்சாதமா என்று. புளியோதரை ஜெயித்தது. தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டபோது, அப்பளத்துக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் அப்பளம் என்றார்கள். காட்டுக்குள் சத்தம் போடக்கூடாது என்று மையத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்றார் சயின்ஸ் டீச்சர். இத்தனை பிள்ளைகள் சேர்ந்து அப்பளத்தைக் கடித்தால் ஒரு குருவி நிற்குமா? பெரிய டீச்சர் ரொம்ப நேரம் யோசித்து, "அப்ப நனைஞ்ச அப்பளமாத் திங்கட்டும்" என்றார். நாங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறினோம்.

நாள் குறிப்பதில்தான் பாடு. முதலில் ஒரு சனிக்கிழமையைக் காலண்டரில் பார்த்து, அருமையான நாள் என்று குறித்துவிட்டார் பெரிய டீச்சர். பஸ் பேசப் போனால் ஒரு பஸ்கூட இல்லை. அருமையான நாள் என்பதால் எல்லா பஸ்ஸும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை முகூர்த்தமும் இல்லை, கெட்ட நாளும் இல்லை. சும்மா ஒரு நாள். பஸ் கிடைத்தது. அதையே முடிவு செய்தார்கள்.

அன்றைக்கே சயின்ஸ் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஹாஸ்டலுக்குத்தானே வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கு? மணிமுத்தாறு ஹாஸ்டல் இல்லியே. அம்மாவ அங்கன வரச் சொல்லு. தள்ளி நின்னு பேசிக்கோ. நான் பாத்துக்கிடுதேன். யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் கண்டக்டர் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது.

"உங்கம்மா லீவு சொல்லிட்டாளாம் பிள்ளே. அந்தச் சனிக்கிழம காலைல பஸ்ஸுலயே எறங்கிருதாளாம். அந்த மையத்து வாசல்லயே இருப்பாளாம். எப்ப வந்தாலும் சரிதான்னு சொன்னா."

எஸ்டேட்டில் சனிக்கிழமை வேலை நாள். கொழுந்து தளும்பி நிற்கிற காலத்தில் லீவு வாங்குவது லேசில்லை. சூப்பர்வைசரிடம் என்ன சொல்லி வாங்கினாளோ, தெரியாது. அன்றிலிருந்து நான் சாப்பிடும்போதும், படிக்கும்போதும், குளிக்கும்போதும் அந்தச் சனிக்கிழமையைத்தான் நினைத்தேன். அம்மா என்ன சேலை கட்டிக்கொண்டு வருவாள் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அதற்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை காலையில், கணக்கு டீச்சர் பெரிய டீச்சரின் அறைக்கு ஒரு பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்தார். பெரிய டீச்சருக்கு அந்த வாரம் சந்திராஷ்டமம் இருந்தது. சந்திரன் நம் ராசிக்கு எட்டாவது வீட்டில் நிற்கிற நாட்களில் பயணம், புதுக் காரியம் எல்லாவற்றையும் தள்ளிவைப்பார்கள். அறையில் தொங்கிய காலண்டர்படி அது வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அதைப் பார்த்துத்தான் சனிக்கிழமையைக் குறித்திருந்தார். ஆனால் அந்தக் காலண்டர் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போட்டது. கணக்கு டீச்சர் வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம். அதன்படி சனிக்கிழமை காலையிலும் சந்திரன் அங்கேயே நின்றது. ஒரே சந்திரன், இரண்டு கணக்கு. எது சரி என்று கணக்கு டீச்சருக்கும் சொல்லத் தெரியவில்லை. சந்தேகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிரேயர் முடிந்ததும் பெரிய டீச்சர் அறிவித்தார். சுற்றுலா அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. வகுப்பே ஊ என்றது. சயின்ஸ் டீச்சர் மட்டும் அறைக்குள் போய்ப் பேசிப் பார்த்தார். பெரிய டீச்சர் சொன்னதை நான் வராந்தாவில் நின்று கேட்டேன்.

"ஊரான் வீட்டுப் பிள்ளையளக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறோம். அணை இருக்கு, அருவி இருக்கு, மிருகம் இருக்கு. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? ஒரு வாரம் தள்ளிப் போனா என்ன, காடு எந்திச்சா ஓடிரும்?"

சயின்ஸ் டீச்சரால் அதற்குமேல் பேச முடியவில்லை. இந்தப் பிள்ளையின் அம்மா அங்கே வந்து நிற்பாள் என்று சொன்னால், யாரைக் கேட்டு வரச் சொன்னீர்கள் என்று கேள்வி வரும். பஸ்காரருக்குச் சொல்லியாயிற்று. மையத்துக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. புளியோதரைக்குப் புளி ஊறப்போட இருந்த சமையல்கார அக்காவுக்கும் சொல்லியாயிற்று. மலையில் இருக்கிற ஒருத்திக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்குப் பஞ்சாங்கத்தில் பெரிய டீச்சரின் ராசிக்குப் போட்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். என் அம்மாவின் ராசி எனக்கே தெரியாது.

மத்தியானம் சயின்ஸ் டீச்சர் போன் பூத்துக்குப் போய் எஸ்டேட் ஆபீஸுக்குப் போட்டுப் பார்த்தார். போன் லைன் கிடைக்கவில்லை. இரண்டு நாளாக மேலே நல்ல மழை. சரி, சாயங்காலம் கண்டக்டர் அண்ணாச்சியிடம் சொல்லிவிடலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். பஸ் வரவில்லை. வேறொரு பஸ்ஸில் வந்த டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது. மலைப்பாதையில் மண் சரிந்து விழுந்துவிட்டதாம். அள்ளி முடிக்கிறவரை மேலே பஸ் போகாதாம்.

"அப்ப நல்லதுதான். பஸ் மேல போகலன்னா காலைல எறங்கியும் வராதுல்லா? அம்மா கிளம்பியிருக்க மாட்டாவ. கவலப்படாத" என்றார் சயின்ஸ் டீச்சர்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. போய் நன்றாகத் தூங்கினேன். சனிக்கிழமை மழை விட்டு விட்டுப் பெய்தது. ஹாஸ்டலில் நாங்கள் பல்லாங்குழி விளையாடினோம். நான் ஜெயித்தேன்.

திங்கட்கிழமை பாதை சரியாகிப் பஸ் ஓடியது. புது நாளைச் சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி பதில் கொண்டுவந்தார்.

"லீவு இல்லன்னுட்டாங்களாம் பிள்ளே. போன வாரமும் பஸ் ஓடலல்லா, அதனால அவ கிளம்பவே இல்லியாம். எம்மவள வருத்தப்படாண்டாம்னு சொல்லுங்க, அரைப்பரீட்ச லீவுல பாத்துக்கிடுவோம்னா."

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அம்மா அலையவில்லையே என்று ஒரு ஆறுதல். இனி சுற்றுலா எனக்கு வெறும் சுற்றுலாதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துக்கொண்ட நாள். பெரிய டீச்சர் பஸ்ஸுக்குத் தேங்காய் உடைத்தார். பாட்டும் கும்மாளமுமாக மணிமுத்தாறு போய்ச் சேர்ந்தோம். மையத்தின் கேட்டைத் திறக்க ஆள் வருகிறவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். எதிரே ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாள் எங்கள் சீருடையைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். சயின்ஸ் டீச்சருக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"கல்லிடைக்குறிச்சி பள்ளிக்கூடமா? நீங்க போன சனிக்கிழமல்லா வந்திருக்கணும்?"

"ஆமா. தள்ளிப் போயிட்டு. ஏன் கேக்கிய?"

"ஒரு பொம்பள வந்து கிடந்தா பாருங்க, பாவம். மேல எஸ்டேட்டாம். மண்ணு விழுந்து பஸ் இல்லன்னு, இருட்டு பிரியதுக்கு முன்னாலயே கிளம்பி நடந்தே எறங்கியிருக்கா. அந்த மழையில. காலெல்லாம் அட்டை கடிச்சு ரத்தம். நாந்தான் சுண்ணாம்பு குடுத்தேன். எம்பிள்ள ஒம்பதாங் கிளாஸு, இங்கன வருதா, பாக்கணும்னா. ஒரு டீ குடிம்மான்னா, பிள்ள வரட்டும், சேந்து குடிக்கேன்னுட்டா. பஸ் சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திச்சு எந்திச்சு ரோட்டுக்கு ஓடுவா. மத்தியானத்துக்கு மேல, உள்ள விசாரிச்சிட்டு வந்து, பள்ளிக்கூடம் வராதும்மா, நீ போன்னு வாட்ச்மேன் சொன்னாரு. கேக்கல. பொழுது அடையப் போவுதுன்னு, மண்ணு அள்ள வந்த லாரியில நாங்கதான் ஏத்திவிட்டோம். மண்ணு கிடந்த எடம் வரைக்கும் அது போவும். அங்கன இருந்து நடந்துதான் போயிருப்பா."

சயின்ஸ் டீச்சரின் கை என் தோளில் விழுந்தது. கடைக்கார அம்மாள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ பிள்ளே" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பஸ் இல்லாவிட்டால் ஆள் வராது என்பது கீழே இருக்கிறவர்களின் கணக்கு. நானும் கீழே வந்து அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டிருந்தேன். மேலே அப்படி இல்லை. பிரசவ வலி எடுத்தவளைக் கட்டிலில் வைத்து, அந்தப் பாதையில் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள் எங்கள் லைனில் உண்டு.

கேட்டைத் திறந்தார்கள். உள்ளே எல்லாம் நன்றாகவே இருந்தது. யானையின் மண்டையோடு வைத்திருந்தார்கள். புலியின் காலடித் தடத்தைச் சாந்தில் வார்த்து வைத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் இளைஞர், அன்பானவர். காட்டுக்குள் நாம் எல்லாரும் விருந்தாளிகள், வீட்டுக்காரர்கள் வேறே என்றார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அப்புறம் ஒரு விளையாட்டு. இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். ஒருத்தி கண்ணைக் கட்டிவிட்டு, இன்னொருத்தி கையைப் பிடித்து ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போவாள். மரத்தைத் தொட்டும் மோந்தும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கட்டை அவிழ்த்தபிறகு அந்த மரம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். என் கண்ணைக் கட்டினார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் கட்டுக்குள்தான் வந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடாமல் நின்றேன். கூட வந்தவள், "போதும்ட்டி, வா" என்று இழுத்தாள். கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு, "இப்படி வேர்த்திருக்கே உனக்கு" என்றாள். நான் எந்த மரத்தையும் கண்டுபிடிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். சயின்ஸ் டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் இலையில் இருந்த புளியோதரையில் பாதியை என் இலைக்குத் தள்ளினார். "சாப்பிடு. எனக்குத் தெரியாமப் போச்சே. ஒரு வார்த்த சொல்லியிருக்கப் படாதா?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவருடைய சோறும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம் என்று இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன். மறுக்கத் தைரியம் இல்லை.

அம்மை ஒருவழியாக இறங்கி, அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அம்மா பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது பார்த்தேன், வலது கால் பெருவிரல் நகம் இல்லை. புது நகம் அரைகுறையாக முளைத்திருந்தது.

"என்னம்மா இது?"

"காட்டுல கல்லு தட்டிட்டு. அத விடு. நீ ஏன்ட்டி இப்படிக் கறுத்துப் போயிட்ட?"

நான் விட்டுவிட்டேன். அவள் சொல்லாமல் இருப்பது எனக்காக என்று தெரிந்தது. எனக்குத் தெரியும் என்று சொன்னால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அதற்கு அவளிடம் தெம்பு இருப்பதாக எனக்குப் படவில்லை.

சாயங்காலம் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, அம்மா சுற்றுலாவைப் பற்றிக் கேட்டாள். யார் யார் வந்தார்கள், என்ன பாட்டுப் பாடினீர்கள், எல்லாம் கேட்டாள்.

"அந்த எடம் எப்படிட்டி இருக்கும்? ஒண்ணு விடாமச் சொல்லு. நாந்தான் பாக்கக் குடுத்து வைக்கல."

நான் கேட்டிலிருந்து ஆரம்பித்தேன். பெரிய கேட்டு, பச்சைப் பெயிண்ட், உள்ளே போனதும் ஒரு மண்பாதை என்றேன். அம்மா வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியா, அப்படியா என்றாள். வெளியே நிற்கவைத்துவிட்டார்கள், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது என்றேன்.

"அதுக்கடியில நின்னா சொட்டச் சொட்ட நனையணும். எதுத்த டீக்கடையிலதான் ஒதுங்கணும்" என்றாள் அம்மா.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நான் டீக்கடையைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அம்மா அகப்பையை எடுத்து, கிளற வேண்டியதில்லாத சோற்றைக் கிளறினாள்.

"எல்லா எடத்துலயும் ஒரு டீக்கடை இருக்கத்தானே செய்யும்" என்றாள்.

"ஆமாம்மா. இருக்கு" என்றேன். மேற்கொண்டு யானை மண்டையோட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

இதைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசவே இல்லை. பேசிக்கொள்ள ஒரு வருஷம்கூடக் கிடைக்கவில்லை. மறு மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிள்ளையைப் பார்க்கணும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். ஆபீஸிலிருந்து ஹாஸ்டலுக்குப் போன் வந்திருக்கிறது. மழையில் அன்றைக்கும் மறுநாளும் பஸ் ஓடவில்லை. பஸ் ஓடட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம், இப்போதே சொன்னால் பிள்ளை அழுதுகொண்டு கிடக்கும் என்று நினைத்து எனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். பஸ் ஓடியபோது என்னை அடக்கத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சொல்லியிருந்தால் நான் நடந்தே ஏறியிருப்பேன்.